வளைகாப்புக் கோடு

ஒரத்தநாடு
8 நவம்பர் 2024, வெள்ளி

மதிப்பிற்குரிய டாக்டர் ஸ்ரீரஞ்சனி மேடம் அவர்களுக்கு,

ஒரத்தநாடு அலுவலகத் தொலைபேசிப் பிரிவிலிருந்து பிரகதீஸ்வரி எழுதிக்கொள்வது. தாங்கள் அனுப்பிய உத்தரவு கிடைத்தது. டிசம்பர் முப்பத்தொன்றோடு தொலைபேசிப் பிரிவு மூடப்படும், இனி கர்ப்பிணிகளிடம் கேள்வி எல்லாம் ஆன்லைனில்தான் கேட்கப்படும் என்று அதில் கண்டோம். அதிர்ச்சி அடைந்தோம்.

போதும்டி. இதற்கு மேல் மேடம் போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. ஹாஸ்டலில் மூன்று வருஷம் ஒரே கொசுவலைக்குள் தூங்கியவளுக்கு இந்த மரியாதை போதும்.

செவ்வாய்க்கிழமை நீ போனில் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "நீங்க மூணு பேரும் அந்தப் பொண்ணுங்க வாயைக் கிண்டிக் கிண்டி இல்லாத நோவெல்லாம் வரவழைக்கிறீங்க பிரகதி." இதைச் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது? நான் போனை வைத்துவிட்டேன். பக்கத்து மேஜை லத்தீஃபா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரும் தவறிட்டாங்களாக்கா?" என்று கேட்டாள்.

இனி உனக்கு நான் போன் போடுவதாக இல்லை. வாட்ஸாப்பில் எழுதினால் மூன்றாவது வரியைப் படிப்பதற்குள் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடுவாய். அதனால்தான் காகிதம். பெண்கள் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவங்களோடு சென்னைக்குப் போகும் வெள்ளிக்கிழமை பையில் இதையும் வைக்கிறேன். காலிப் பை திரும்பி வரும்போது அதில் பதில் இருந்தால் படிக்கிறேன், இல்லாவிட்டால் போ.

உன் சட்டத்தை நான் ஒரு நாளும் மீறியதில்லை ரஞ்சனி. நாலாம் மாதம் ஒரு பெண் ஆய்வில் சேர்ந்தால் முதல் எட்டு வாரம் நாங்கள் போனில் கேட்க வேண்டும் என்றாய், கேட்டோம். பிறகு சீட்டுக் குலுக்கி, பாதிப் பேர் போனிலேயே இருக்கட்டும், மீதிப் பேருக்குத் திங்கட்கிழமை தோறும் செல்போனில் லிங்க் போகும், அவர்களே அழுத்திப் பதில் சொல்லட்டும் என்றாய். ஆன்லைனுக்குப் போனவளை நாங்கள் எந்தக் காரணத்துக்கும் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் ஆய்வே கெட்டுவிடும் என்றாய். கூப்பிடவில்லை. அம்சம் என்று ஒரு பெண். சீட்டில் அவள் பெயர் ஆன்லைனுக்கு விழுந்தபோது, "இனிமே நீங்க பேச மாட்டீங்களாக்கா?" என்று குரல் உடைந்து கேட்டாள். அதற்குப் பிறகும் நான் அவளைக் கூப்பிடவில்லை.

வாயைக் கிண்டுகிறோமாம். கால் வீக்கம் இருக்கா என்று கேட்டதும் எந்தப் பெண் உடனே ஆமாம் என்கிறாள்? "ஒண்ணுமில்லக்கா, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். நான் பேசாமல் இருப்பேன். பின்னால் கால்நடைக் கல்லூரி மாடு ஒன்று கத்தும். "அக்கா மாடு வச்சிருக்கீங்களா?" என்று சிரிப்பாள். மாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவோம். அப்புறம்தான் மெதுவாக வரும்: "செருப்புதான்கா பத்த மாட்டேங்குது." இதை உன் திரையில் எந்தப் பொத்தான் கேட்கும்?

லத்தீஃபாவும் ரெத்தினமும் வேறு வேலை தேடிக்கொள்வார்கள், அதைப் பற்றி எழுதவில்லை. நீ என்னைப் பொய்க்காரி என்றாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பிரகதீஸ்வரி

*

சென்னை
12 நவம்பர் 2024

அடி பிரகதி,

கோபம் வந்தால் உனக்கு மரியாதை முந்திக்கொண்டு வரும் என்பது எனக்குத் தெரியாதா? அந்த 'மேடம்' என்னை நன்றாகவே சுட்டது. பொய்க்காரி என்று நான் சொல்லவில்லை. சொன்ன விதம் தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நீ ஒருத்தி ஒருத்தியாகக் கேட்கிறாய். நான் இங்கே மொத்தமாகப் பார்க்கிறேன். முதலில் எனக்கே ஆன்லைன் மீது சந்தேகம்தான். ஆனால் ஆறாம் மாதம் வரைக்கும் வந்த பதில்களைப் பார்த்தபோது ஆடிப்போனேன். உங்களிடம் கூச்சப்பட்டுச் சொல்லாததை எல்லாம் அந்தப் பெண்கள் திரையில் அழுத்தியிருக்கிறார்கள். புருஷன் அடித்தது, இந்தப் பிள்ளை வேண்டாம் என்று நினைத்தது, எல்லாம். குரல் இல்லாத இடத்தில் பயம் இல்லை. அதனால்தான் நம்பினேன்.

அடுத்தது கேள். ஏழாம் மாதம் தாண்டியதும் ஆன்லைன் பக்கம் குறைகள் சட்டென்று சரிகின்றன. மெதுவாக இல்லை, கிணற்றுக்குள் கல் போட்டது போல. வீக்கம் இல்லை, தலைவலி இல்லை, பயம் இல்லை, மனநிலை 'மகிழ்ச்சி'. ஆபத்தான பதில் வந்தால் என் மேஜையில் மணி அடிக்கும் அல்லவா, அந்த மணி ஏழு மாதம் தாண்டிய ஆன்லைன் பெண்களுக்காக இதுவரை ஒரு முறைகூட அடித்ததில்லை. பத்து நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். கடைசியில் ஒவ்வொருத்தியின் வளைகாப்புத் தேதியை எடுத்து, அவள் பதில்களை வரைந்த கோட்டுக்குக் கீழே குறித்தேன். பிரகதி, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வளைகாப்பு நடந்த வாரத்தில்தான் ஏறக்குறைய ஒவ்வொரு கோடும் இறங்குகிறது. பிறந்த வீட்டுக்குப் போனதும் பெண்ணின் உடம்பும் மனசும் லேசாகிவிடுகின்றன. நம் பெண்கள் காலம் காலமாகத் தெரிந்து வைத்திருப்பதை முதல் தடவையாக எண்ணிக்கையில் பிடித்திருக்கிறேன். 'வளைகாப்புக் கோடு' என்று பெயர் வைத்திருக்கிறேன். டிசம்பர் ஐந்து புனே மாநாட்டில் வாசிக்கிறேன்.

நீ சிரிப்பாய். ஆனால் சீமந்தம் முடிந்து அம்மா என்னைத் திருவிடைமருதூருக்கு அழைத்துப் போனாளே, அந்த இரண்டு மாதம் மாதிரி என் வாழ்க்கையில் நான் தூங்கியதே இல்லை. அதனால் எனக்கு இது ஆச்சரியமாகவே இல்லை.

உங்கள் தொலைபேசிப் பக்கம் மட்டும் அந்தக் கோடு இறங்கவே இல்லை. பிறந்த வீட்டில் சந்தோஷமாக இருக்கிற பெண்கள் உன் காதில் மட்டும் ஏன் அழுகிறார்கள்? நீ கேட்கிற விதத்தில் அழவைக்கிறாய் என்பதைத் தவிர வேறு என்ன நினைக்க? நீயே சொல்லு.

உன்
ரஞ்சனி

*

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரி
22 நவம்பர் 2024, வெள்ளி காலை

ரஞ்சனி,

நீ கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கிடைக்காமலே போயிருக்கலாம்.

நேற்று மத்தியானம் ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்: "இதுக்கு மேல பெரிசு இல்லையாண்ணே?" அந்தப் பெண்ணை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனால் எட்டு வாரம் கேட்ட குரல் எனக்கு மறக்குமா? திரும்பினேன். நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முந்தின வயிறு, பக்கத்தில் அவள் அம்மா. காலில் அவள் அப்பாவுடைய ரப்பர் செருப்பு, அதிலும் பாதம் வழிந்து நின்றது.

"அம்சமா?" என்றேன்.

"பிரகதியக்காவா! ஏங்க்கா, என்னைய விட்டுட்டீங்க?"

"நான் எங்க விட்டேன்? வாரா வாரம் நீ பதில் போட்டுட்டுத்தானே இருக்க. எல்லாம் நல்லாருக்குன்னு."

"நானா? எந்தப் போன்லக்கா? போனு அங்கல்ல இருக்கு, மாமா வீட்டுல. எங்க வீட்டுக்காரரு சிங்கப்பூர்லேந்து சாயந்தரம் கூப்புட்டா அத்தையும் மாமாவும் மூஞ்சி பாக்கணும்ல. வளைகாப்பு முடிஞ்சு கெளம்பையில வச்சிட்டு வந்துட்டேன்."

கையிலிருந்த டேப்லெட்டில் அவள் எண்ணைத் தட்டினேன். போன திங்கட்கிழமை, காலை ஒன்பது பத்து. கால் வீக்கம்: இல்லை. தலைவலி: இல்லை. குழந்தை அசைவு: நன்றாக உள்ளது. மனநிலை: மகிழ்ச்சி. அந்தப் பெண் என் முன்னால் யானைக்காலோடு நிற்கிறாள்.

"தலை வலிக்குதா?" என்றேன். ரெண்டு நாளா விண்ணு விண்ணுன்னு தெறிக்குது என்றாள். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறதாம். பிள்ளை அசைகிறதா என்றேன். "முந்தாநேத்துலேந்து ரொம்ப சாதுவா இருக்குக்கா." அவள் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பொட்டப்புள்ளையா இருந்தா அப்படித்தாங்க, சாதுவா இருக்கும்."

செருப்பை அங்கேயே போட்டுவிட்டு ஆட்டோவில் ஏற்றினேன். ஒரத்தநாடு ஆஸ்பத்திரியில் பிரஷர் நூற்றெண்பதுக்கு நூற்றிருபது. நர்ஸம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. ஊசி ஏற்றக் கையைப் பிடித்தால் நரம்பே தெரியவில்லை. வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல் எல்லாம் வீங்கின மணிக்கட்டில் பதிந்து கிடந்தன. ஒன்றும் நகரவில்லை. "உடைக்கணும்" என்றார்கள். "ஐயோ, பெத்துப் பொழைக்காம வளையலை உடைக்காதீங்கம்மா!" என்று அந்தத் தாய் போட்ட சத்தம் இருக்கிறதே. நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். நர்ஸம்மா துணியைச் சுற்றி ஒவ்வொன்றாக உடைத்தார்கள்.

நூற்றெட்டில் தஞ்சாவூர் வரும் வழியிலேயே அம்சத்துக்கு வலிப்பு வந்துவிட்டது. வந்த உடனே ஆபரேஷன். பெண் குழந்தை. வயிற்றுக்குள்ளேயே இறந்து ஒரு நாளுக்கு மேல் ஆகிறது என்றார்கள். சாதுவா இருக்கும் என்றாளே, அது.

அம்சத்துக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

போன் போட மாட்டேன் என்று வீறாப்பாக எழுதினேன் அல்லவா? நேற்று மத்தியானத்திலிருந்து உன்னைப் பதினொரு தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வளைகாப்பு முடிந்தால் போன் மாமியார் வீட்டிலேயே தங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நாங்கள் கூப்பிட்டால் மாமியார்தான் எடுப்பார். "அம்மா வீட்டு நம்பர் குடுங்க பெரியம்மா" என்று வாங்கி, நோட்டில் எழுதிக்கொண்டு அங்கே கூப்பிடுவோம். என் நோட்டில் அப்படி நூறு நம்பர் இருக்கிறது. இது ஒரு விஷயமா என்று உனக்குச் சொல்லவே இல்லை. உன் லிங்க் எந்த நம்பருக்குப் போகிறது என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் யோசித்திருந்தால்? எனக்குத் தோன்றவே இல்லையடி.

உன் கோடு ஏன் இறங்குகிறது என்று இப்போது தெரிந்ததா? ஆன்லைனில் ஏழு மாதம் தாண்டின மற்றவர்களையும் உடனே கூப்பிட வேண்டும். அனுமதி கொடு.

பிரகதி

*

சென்னை
25 நவம்பர் 2024, திங்கள்

பிரகதி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மூன்று தடவை படித்தேன். உன் பதினொரு அழைப்பையும் பார்த்தேன். நம் சண்டைக்குப் பிறகு உன் எண்ணைச் சத்தம் வராமல் போட்டு வைத்திருந்தேன். அன்று பூராவும் புனேக்கான படங்களைச் சரிசெய்துகொண்டிருந்தேன். போன் மேஜையில்தான் கிடந்தது. உன்னைக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்கு மட்டும் பேசினேன். அம்சத்துக்கு இன்று காலை நினைவு வந்துவிட்டதாம். அது வரைக்கும் தெய்வாதீனம்.

நான் இப்போது எழுதப்போவது உனக்குப் பிடிக்காது. ஒரு வீட்டில் நடந்ததை வைத்து எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியுமா? அம்சத்தின் வீடு விதிவிலக்காக இருக்கலாம். சிங்கப்பூரில் இருக்கிற மகனுக்காகப் போனை வைத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் அப்படி இருக்காதே. நெறிமுறைக் குழுவுக்கு இன்றே எழுதிவிட்டேன். அவர்கள் அனுமதி வர மூன்று வாரம் ஆகும். அதுவரை ஆன்லைன் பெண்கள் யாரையும் தொடர்புகொள்ளாதே. உன் வேலை போகும், அதைவிட எல்லாருடைய ஆறு மாத உழைப்பும் போகும். தயவுசெய்து.

இதற்கு மேல் ஒன்றும் எழுதாமல் நிறுத்தியிருக்க வேண்டும். முடியவில்லை.

இன்று திங்கட்கிழமை. காலையில் அலுவலகம் வந்ததும் முதல் வேலையாக அம்சத்தின் எண்ணைத் திறந்தேன். ஒன்பது பத்துக்குப் பதில் வந்திருக்கிறது, பிரகதி. அவள் தஞ்சாவூரில் தீவிர சிகிச்சையில் படுத்திருக்கிறாள், பிள்ளையைப் புதைத்து மூன்று நாள் ஆகிறது. கால் வீக்கம்: இல்லை. குழந்தை அசைவு: நன்றாக உள்ளது. மனநிலை: மகிழ்ச்சி. டீயைக் கீபோர்டில் கொட்டிவிட்டேன்.

யார் அது? எப்படிப்பட்ட மனிதர் இதை அழுத்துவார்? நீ போய்ப் பார். இதற்கு மட்டும் நான் அனுமதி தருகிறேன். விசாரித்து எழுது.

ரஞ்சனி

*

ஒரத்தநாடு
28 நவம்பர் 2024, வியாழன்

ரஞ்சனி,

போய்ப் பார்த்தேன். யாரென்று தெரிந்தது. திட்டுவதற்கு ஆளே கிடைக்கவில்லை.

மூன்று நாளாக மழை விடவில்லை. சம்பா வயல் எல்லாம் ஏரி மாதிரி நிற்கிறது. அம்சத்தின் மாமனார் பெயர் தியாகேசன், அறுபத்திரண்டு வயசு இருக்கும். வடிகாலை வெட்டிவிட்டு முழங்கால் சேறோடு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். மாமியார் தங்கமணி அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் யாரென்று சொன்னதும் தியாகேசனே போனைக் கொண்டு வந்து கொடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாருங்கய்யா இதுல பதில் போடுறது?"

"நான்தாம்மா. திங்கக்கெழம தவறாமப் போட்டுடுவேன். ஏன், ஒண்ணு ரெண்டு விட்டுப்போச்சா?"

"உங்க மருமக இங்க இல்லையே. கால் வீங்கலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். நான்தான் ஏதோ கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

"அது கேக்குதும்மா, மருமவ எப்படி இருக்குன்னு. முழுவாம இருக்குற புள்ளையப் பத்தி யாரு கேட்டாலும் நல்ல வார்த்தைதான சொல்லணும்? வீங்கியிருக்கு, வலிக்குதுன்னு நம்ம கையாலயே போடலாமா? காலையில குளிச்சு, துண்ணூறு பூசி, சாமி படத்துக்கு முன்னாடி நின்னுதான் போடுவேன். பதினேழு கேள்வி. பதினேழுக்கும் நல்லதாப் பாத்துப் பாத்து அழுத்துவேன்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்தத் திங்கக்கெழமயும் போட்டேம்மா. பேத்திதான் போயிட்டா, மருமவளாவது பொழச்சு வரட்டும்னு ரெண்டு தடவ போடலாம்னு பாத்தேன். அது ஒரு தடவைக்கு மேல வாங்க மாட்டேன்னுது. ஆனாலும் பாருங்க, அன்னிக்குத்தான் அதுக்கு நெனவு வந்துச்சு."

இதுதான் உன் வளைகாப்புக் கோடு. அது பெண்களின் சந்தோஷம் இல்லை. வீட்டில் இருந்தவர்கள் போட்ட ஆசீர்வாதம்.

நான் அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. ஏன் சொன்னேன் என்று இப்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. "ஐயா, இது சாமிகிட்ட சொல்ற மாதிரி இல்ல. உள்ளதை உள்ளபடி போட்டா சென்னையில ஒரு மணி அடிக்கும். டாக்டரம்மா உடனே கூப்பிடுவாங்க. அதுக்குத்தான் இந்தக் கேள்வி" என்றேன். அவர் ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "எம்புட்டு நேரத்துல கூப்புடுவாங்க?" கால் மணி நேரத்துல என்று சொன்னேன். தலையை ஆட்டினார். நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்.

இப்போது நீ என்னை வேலையை விட்டு அனுப்புகிற விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரம் என்றாய். மூன்று வாரத்தில் இங்கே பாதிப் பேருக்குப் பிள்ளை பிறந்துவிடும், அல்லது இறந்துவிடும். செவ்வாய்க்கிழமையிலிருந்து நானும் லத்தீஃபாவும் ரெத்தினமும் எங்கள் சொந்தப் போனில் கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். ஏழு மாதம் தாண்டின ஆன்லைன் பெண்கள் அறுபத்து மூன்று பேர். ஐம்பத்தெட்டுப் பேரைப் பிடித்துவிட்டோம். அதில் போனைக் கையோடு எடுத்துப் போனவர்கள் ஏழே ஏழு பேர். மற்ற வீடுகளில் ஒரு நாத்தனார், இரண்டு கொழுந்தன்மார், ஒரு வீட்டில் எட்டாவது படிக்கிற பெண், மீதியெல்லாம் மாமனார் மாமியார். யாரைக் கேட்டாலும், "நல்லதுதானே போட்டோம்" என்கிறார்கள். ஒருத்தர்கூடப் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. ஐந்து பெண்களுக்குக் கால் வீக்கமும் தலைவலியும் இருக்கிறது. ஐந்து பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டோம்.

உன் சட்டத்தை மீறிவிட்டேன். முதல் தடவையாக. உத்தரவு அனுப்புவதானால் மேடம் போட்டு நானே பதில் எழுதுகிறேன்.

பிரகதி

*

சென்னை
2 டிசம்பர் 2024, திங்கள்

பிரகதி,

உத்தரவு எதுவும் இல்லை. மீதி ஐந்து பேரை நான் சனிக்கிழமை பிடித்துவிட்டேன், நானே கூப்பிட்டேன். எனக்கு உன்னைப் போல் கேட்கத் தெரியவில்லை. கேள்வியைப் படித்ததும் எல்லாரும் நல்லாருக்கேன் என்றார்கள். உன் மாடு இங்கே கத்தாதே. அதனால் பேசாமல் இருந்து பார்த்தேன். மூன்றாவது பெண், "மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். அவள் இப்போது கும்பகோணம் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

புனேக்குப் போகவில்லை. கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். நடந்ததை நடந்தபடி குழுவுக்கு எழுதிவிட்டேன், உன் பெயரைப் போடவில்லை, கூப்பிட்டது என் பொறுப்பு என்று எழுதியிருக்கிறேன். தொலைபேசிப் பிரிவு மூடப்படாது. இது உனக்குச் சந்தோஷமான செய்தியாக இருந்திருக்க வேண்டும். இன்று உனக்கு எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

சிங்கப்பூரிலிருந்து அம்சத்தின் புருஷன் ராம்கி வந்துவிட்டாராம், அம்சத்தைப் பொதுவார்டுக்கு மாற்றியிருக்கிறார்களாம். அது தெரிந்ததால் இன்று காலை கொஞ்சம் நிம்மதியாகத்தான் வந்தேன். லிங்க் அனுப்புகிறதை எல்லாருக்கும் நிறுத்தச் சொல்லியிருந்தேன். கணினிக்காரர்கள் மதியத்துக்குள் நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். மதியத்துக்குள் என்றால் காலையில் ஒரு தடவை போய்விடும் என்று எனக்கு உறைக்கவில்லை. எத்தனை விஷயம்தான் எனக்கு உறைக்கவில்லை, பார்.

ஒன்பது பத்துக்கு மணி அடித்தது.

ஆன்லைன் பக்கம், ஏழு மாதம் தாண்டின ஒருத்திக்காக அந்த மணி அடிப்பது இதுதான் முதல் தடவை. இன்னும் யாரையோ விட்டுவிட்டோம் என்று ஓடினேன். திரை பூராவும் சிவப்பு. கால் வீக்கம்: ஆம், அதிகம். தலைவலி: ஆம், தாங்க முடியவில்லை. கண் மங்கல்: ஆம். குழந்தை அசைவு: இல்லை. பதினேழு கேள்விக்கும் இருக்கிறதிலேயே மோசமான பதில். அதற்கப்புறம்தான் எண்ணைப் பார்த்தேன். அம்சத்தின் எண்.

உடனே கூப்பிட முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். நான் டாக்டர் ஸ்ரீரஞ்சனி பேசுகிறேன் என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், கேட்கவில்லை. அவர்தான் பேசினார்.

"டாக்டரம்மா, இப்பச் சரியாப் போட்டுருக்கனா?"

"சரியாப் போட்டிருக்கீங்கய்யா" என்றேன்.

பின்னால் மழை மட்டும் கேட்டது. நான் லைனில் இருக்கிறாரா என்று கேட்க வாயெடுத்தேன். அப்போது சொன்னார்:

"கால் மணி நேரம் ஆகும்னு அந்தப் பொண்ணு சொன்னுச்சு. பத்து நிமிசத்துலயே கூப்புட்டுட்டீங்களேம்மா."

ரஞ்சனி